எண்ணிக்கொண்டு ஆடுகிறவன்

தெய்வம் ஏறி ஆடுகிறவருக்கும் கூத்திலே ராசாவாக ஆடுகிறவருக்கும் என்ன வித்தியாசம்? பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்த காலமெல்லாம் பதி, பசு, பாசம் என்று கரும்பலகையில் எழுதியபடி எனக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவனுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. எங்கள் ஊரில் இரண்டு ஆட்டமும் ஒரே கண்ணகை அம்மன் கோயிலடியில்தான் நடந்தன. வைகாசியில் சடங்கு. கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்தி வரைக்கும் உடுக்கும் பறைமேளமும் வேப்பிலை வாசமும்தான். வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் அதே வெளியில் களரி கட்டி விடிய விடியக் கூத்து. சில வேளை ஆளும் ஒரே ஆள். என் தாய்மாமா சடங்கிலே தெய்வம் ஆடுகிறவர், கூத்திலே தருமராசா.

மாமாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மருமகன் முறையில் எனக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் ஓடுவது. கோயில் உரிமையும் பெரும்பாலும் அந்த வழியேதான். எனக்கு வரவில்லை. மீசை அரும்புகிற வயதில் மாமா என்னை விரதம் இருக்கவைத்து, மடைக்கு முன்னால் நிறுத்தி, உடுக்கை எடுத்து அடித்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அடி எத்தனைக்கு ஒருதரம் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். "உனக்கு உரு வராது மனே. நீ எண்ணிக்கிட்டு நிக்கிறா" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை கூத்துக்குச் சட்டம் கொடுத்து வேசம் பங்கிட்டபோது அண்ணாவியாரிடம் பேசி எனக்குத் திரௌபதியை வாங்கித் தந்தவர் அவர்தான். பெண் வேசத்துக்கு ஆண்பிள்ளை. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

கூத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆவேசமாகத் தெரியும். வட்டக் களரியின் நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார், பக்கத்தில் சல்லாரி, பிற்பாட்டுக்காரர். அவர்களைச் சுற்றி ஆட்டக்காரர். அதற்கும் வெளியே நாலா பக்கமும் பாயை விரித்துச் சனம். வடமோடி ராசா கரப்புடுப்பும் கிரீடமும் தரித்துச் சுழன்று வரும்போது பார்க்கிறவனுக்கே தலை சுற்றும். உள்ளே நிற்கிறவனின் நிலைமை வேறு. வரவுத் தாளம் எங்கே முடியும், காலை எந்த அடியில் தூக்கி எந்த அடியில் வைத்தால் பாட்டுக்கு மூச்சு மிஞ்சும், பிற்பாட்டுக்காரர் வரியை வாங்குகிற இடைவெளிக்குள் எந்தப் பக்கத்துச் சனத்துக்கு முகம் கொடுப்பது, எதிரே வருகிறவனின் உடுப்பு இடிக்காமல் எப்படி விலகுவது: இவ்வளவும் மனதில் ஓடும். அதே நேரம் வாய் திரௌபதியின் சபதத்தைப் பாடிக்கொண்டிருக்கும். அழுகை வரும்தான், பொய்யில்லை. ஆனால் அழுகை வந்ததற்காக அடி தப்பினால் அண்ணாவியாரின் பார்வை தீயாக வந்து விழும்.

ஒருமுறை பதினெட்டாம் போர் ஆடினோம். விடியப் போகிற நேரம். துரியோதனனின் தொடையில் வீமன் அடிக்கிற கட்டம். வீமனாக ஆடியவருக்கு உரு ஏறிவிட்டது. கண் மேலே சொருகிற்று. கால் தாளத்தை விட்டது. கையில் இருந்த தண்டாயுதம் மரம்தான் என்றாலும் ஓங்கிய ஓங்கலில் எதிரே நின்றவர் மெய்யாகவே பின்வாங்கினார். சுற்றியிருந்த பெண்கள் "அம்மாளே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அண்ணாவியார் கும்பிடவில்லை. போர்த் தாளத்தை அப்படியே நிறுத்தி, முன்னிரவில் வீமன் களரிக்குள் முதன்முதல் வந்த வரவுத் தாளத்தை எடுத்தார். மெதுவாக, திரும்பத் திரும்ப. இடுப்பில் கட்டிய மத்தளத்தோடு நடந்துபோய் அந்த மனிதரின் காதோரம் நின்று அதையே அடித்தார். மாதக்கணக்கில் அடுக்குப் பார்த்துப் பழகிய கால் அல்லவா, அடையாளம் கண்டுகொண்டது. முதலில் வலது பாதம், பிறகு மற்றது. பிறகு கண் இறங்கியது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள், கூத்து தொடர்ந்தது. மங்களம் பாடி முடிந்ததும் அண்ணாவியார் சொன்னார்: "தெய்வம் வாறதெண்டா கோயிலுக்க வரட்டும். இஞ்ச வீமன் வந்தாக் காணும்." பக்கத்தில் தருமராசா உடுப்போடு நின்ற மாமா, தெய்வம் ஆடுவதையே கடமையாகக் கொண்டவர், தலையாட்டி ஆமோதித்தார்.

அந்த ஆமோதிப்புத்தான் எனக்குப் புதிர். மாமா சடங்கில் ஆடி முடித்துத் திண்ணையில் வந்து இருந்தால், அம்மாள் என்ன வாக்குச் சொன்னா என்று எங்களிடம் கேட்டுத்தான் அறிந்துகொள்வார். அவருக்கு ஒரு சொல்லும் நினைவில் நிற்காது. கூத்து முடிந்த காலையிலோ தன் தப்பை மட்டுமல்ல, என் தப்பையும் அடி பிசகாமல் எடுத்துச் சொல்வார். ஒரே உடம்பு, ஒரே வெளி, இரண்டு விதமான நினைவு. இவற்றில் இறைவனுக்குக் கிட்ட இருப்பது எது?

இந்தக் கேள்வியோடு எனக்கு எப்போதும் சேர்ந்து நினைவுக்கு வருகிறவர் பேராசிரியர் சி. மௌனகுரு. 1943-இல் மட்டக்களப்பில் பிறந்து, வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே அப்போது இரண்டு பேராசிரியர்களின் காலம். எதிரிவீர சரச்சந்திர 1956-இல் 'மனமே'யை மேடையேற்றி, 'நாடகம' என்ற சிங்களக் கிராமத்து ஆட்டத்திலிருந்து ஒரு நவீனச் சிங்கள அரங்கை எடுத்துக் காட்டியிருந்தார். அந்த நாடகமவுக்குள் ஓடுவது தமிழ்க் கூத்தின் இரத்தம் என்பது ஆய்வாளர் பலரும் ஒத்துக்கொண்ட விசயம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பார்த்து, நமது கூத்தை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்தார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டு மாணவர்களைப் பழக்கி, 1960-களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று வரிசையாக மேடையேற்றினார். 'இராவணேச'னை எழுதியதும் இராவணனாக ஆடியதும் மாணவர் மௌனகுரு.

மேடைக்குப் போனதும் கூத்தின் உருவம் மாறிற்று. வட்டம் உடைந்து ஒரு பக்கம் திறந்த பெட்டி ஆனது. நடுவில் நின்ற மத்தளம் ஓரத்துக்குப் போனது. விடிய விடிய ஆடியது இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. ஒரே தருப் பாட்டு மூன்று தரம் பாடப்பட்டது ஒருதரமாயிற்று. கட்டுப்பாடு அண்ணாவியார் கையிலிருந்து நெறியாளர் கைக்கு வந்தது. ஊரிலே இதைக் கேள்விப்பட்ட கிழவர்கள் முணுமுணுத்தார்கள். மாமா சொன்ன குறை இதில் ஒன்றும் இல்லை. நேரம் குறைந்தது, வட்டம் போனது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுகா ஆருக்கு முன்னால ஆடுறாங்க?"

இதை நான் இலேசாக எடுக்கவில்லை. எங்கள் ஊரில் கூத்து நேர்த்தி. மழை பொய்த்தால், அம்மை வந்தால், கூத்து ஆடுகிறோம் தாயே என்று வேண்டிக்கொள்வார்கள். களரி நாற்புறமும் திறந்திருந்தாலும் கோயில் வாசலுக்கு நேரான பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பது மனிசர் அல்ல. ஆட்டக்காரன் பிழைவிட்டால் சனம் சிரிக்கும் என்கிற பயம் வேறு. அம்மாள் பார்க்கிறா என்கிற பயம் வேறு. பேராதனையிலும் கொழும்பிலும் மண்டபக் கதிரைகளில் இருந்தவர்கள் நுழைவுச்சீட்டோடு வந்தவர்கள். ரசிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு யாரும் நேர்த்தி வைப்பதில்லை.

அதோடு மௌனகுரு இடதுசாரி. 1969-இல் அவர் எழுதி வடமோடியில் ஆட்டுவித்த 'சங்காரம்' சமுதாயத்தைக் கட்டிவைத்திருக்கிற அரக்கர்களைத் தொழிலாளர் எழுந்து அழிக்கிற கதை. சாதியும் வர்க்கமும் அதில் அரக்கர்கள். கடவுளர் செய்யவேண்டிய வேலையை உழைக்கிறவர் கையில் கொடுத்துவிட்டாரே என்று எங்கள் ஊர்ச் சைவப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. 'சங்காரம்' வந்த காலத்தைப் பாருங்கள். 1968-இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று கேட்டு, தாழ்த்தப்பட்ட சாதி மனிதர்கள் வெயிலில் இருந்தார்கள். மட்டக்களப்பிலும் நாங்கள் சுத்தம் இல்லை. எங்கள் களரியில் யார் ராசாவாக ஆடுவது, யார் சேவகனாக நிற்பது என்பதிலே தாளஞானம் பாதி பேசினால் குடியும் காசும் மறுபாதி பேசின. சடங்குக்குப் பறை அடித்தவர் எந்த எல்லையில் நிற்கவேண்டும் என்பதும் எழுதாச் சட்டமாக இருந்தது. அம்மாள் பார்க்கிறா, பார்க்கிறா என்கிறோம். அவவின் பார்வைக்குள் எத்தனை பேரை நிற்கவிட்டோம்? மேடைக்குப் போன கூத்திலிருந்து தெய்வம் விலகிற்று என்று குறைசொல்ல வருகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். மண்டபத்தில் குறைந்தபட்சம் எல்லாரும் ஒரே மாதிரிக் கதிரையில் இருந்தார்கள்.

சரி, தெய்வத்தை நம்பாத ஒருவர் நெறிப்படுத்திய கூத்தில் சமயம் என்று ஏதும் மிஞ்சுமா? மிஞ்சும் என்பது என் துணிபு. அதற்குச் சாட்சி மெய்கண்டார் வழி வந்த சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே தேய்ந்துபோன பாடம் இது: ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். பளிங்கின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவக்கிறது, எடுத்தால் பழையபடி. சிவந்தபோதும் அது பளிங்குதான். பாசத்தைச் சார்ந்தால் பாசமாகவும் பதியைச் சார்ந்தால் பதியாகவும் நிற்பது ஆன்மாவின் இயல்பு. முத்தியிலும் அது அழிந்து கரைந்து போவதில்லை. சிவத்தோடு பிரிவில்லாமல் நிற்கிறது. நின்றபடியே ஆன்மாவாகவும் இருக்கிறது. கரைந்து ஒன்றாகிவிடுகிறது என்று சொல்கிற தத்துவங்கள் வேறு உண்டு. எங்கள் சைவம் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த நிலையைக் கரும்பலகையில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'ஒண்டும் இல்ல, ரெண்டும் இல்லையெண்டா மறுகா என்ன சேர்?' என்று முன்வாங்குப் பையன் ஒருவன் கேட்டபோது என்னிடம் இருந்த பதில் கூத்துக்காரன்தான். திரௌபதியாக நின்ற நான் திரௌபதியும் இல்லை. திரௌபதி அல்லாதவனும் இல்லை. அவளுடைய சபதம் என் தொண்டையில் இருந்தது, என் எண்ணிக்கை என் காலில் இருந்தது. வீமனுக்கு உரு ஏறிய விடியலில் அறுந்துபோனது இந்த இணைப்பு. அதனால்தான் அண்ணாவியார் அதை ஒரு பேறாகக் கொள்ளாமல் பழுதாகக் கொண்டு திருத்தினார்.

அப்படியானால் தெய்வம் ஏறி நினைவிழக்கிற மாமாவை எங்கே வைப்பது? தன்னையும் அறியாமல் பிறவற்றையும் அறியாமல் ஆன்மா கிடக்கிற நிலைக்குக் கேவலாவத்தை என்று பெயர். சாத்திரப்படி வாதாடினால் என் வாய் அங்கே போய் நிற்கும். ஆனால் அம்மை கண்ட பிள்ளையின் தலையில் அவர் வேப்பிலையால் தடவும்போது அந்தத் தாயின் முகத்தில் வருகிற ஆறுதலை நான் பார்த்திருக்கிறேன். மாமாவைக் கேவலாவத்தையில் வைக்க எனக்கு மனம் வராது. அவரையே கேட்டிருந்தால், "நான் பாத்திரம் மனே, பாத்திரத்துக்கு என்ன ஞாபகம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்திருப்பார். சாத்திரம் தீர்க்காததை நானும் தீர்க்கவில்லை. கூத்தனைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாடகம் படித்தவர்கள் இதே விசயத்தை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவருவார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1935-இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கைப் பார்த்தார். வேசமும் ஒப்பனையும் இல்லாமல், சாதாரண ஆண் உடையில், பெண் பாத்திரத்தை அவர் ஆடிக்காட்டினாராம். நடிகன் பாத்திரமாகிவிடாமல் அதைக் காட்டிக்கொண்டு நிற்கலாம் என்பதற்கு பிரெக்ட்டுக்கு அது பெரிய ஆதாரம் ஆயிற்று. மௌனகுருவின் தலைமுறை பிரெக்ட்டை ஆர்வத்தோடு படித்தது; கூத்துக்குள்ளேயே அது இருக்கிறதே என்று கண்டுபிடித்து மகிழ்ந்தது. இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நோக்கம் வேறு. பார்க்கிறவன் மயங்காமல் தள்ளி நின்று தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பதற்காகப் பிரெக்ட் அந்த இடைவெளியைக் கேட்டார். எங்கள் அண்ணாவியார் கேட்டது, எவ்வளவு கிட்டப் போனாலும் கரையாமல் நிற்கிற திராணியை. இரண்டும் வெளித்தோற்றத்துக்கு ஒரே மாதிரி இருக்கும்.

'இராவணேசன்' எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில். சைவனுக்கு இராவணன் வெறும் வில்லன் அல்ல. திருஞானசம்பந்தரின் பதிகங்களைப் புரட்டினால் எட்டாம் பாட்டில் பெரும்பாலும் அவன் வந்துவிடுவான்: கயிலையைப் பெயர்க்கப் பார்த்தவன், பெருவிரல் அழுத்தத்தில் நசுங்கி அலறியவன், பாடிப் பிழைத்தவன், வாளும் வரமும் பெற்றவன். பதிகத்துக்குப் பதிகம் அவனைக் கொண்டுவந்து நிறுத்திய சம்பந்தப் பிள்ளையார் அவனை மன்னிக்கவும் மறக்கவும் இல்லை. ஏன்? அவன் ஆணவத்துக்குக் கை கால் முளைத்தவன். சித்தாந்தத்தில் ஆணவம் ஆன்மாவோடு அநாதியாக ஒட்டிய மலம். முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சத்திதான் அடங்கும். மௌனகுருவின் இராவணன் பக்திக் கதையில் வருகிறவன் அல்ல. தன் பெருமிதமே தன்னை வீழ்த்துவதைப் பார்த்துக்கொண்டு வீழ்கிற பெருவீரன். தம்பியும் மகனும் மடிந்தபிறகும், மண்டோதரி மன்றாடியபிறகும், போரை நிறுத்த அவனுக்கு முடியவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 'நான்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவன் 'நான்' என்று ஒரு கணம் நினைத்தால் போதும், தாளம் போய்விடும். வடமோடி ராசாவின் நடையில் அவ்வளவு மிடுக்கு. அந்த மிடுக்கில் மயங்கிய புதுப்பையன்களின் கால் முதல் சுற்றிலேயே பின்னிக்கொள்ளும். நெஞ்சை நிமிர்த்துவதும் மத்தளத்துக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றாக நடக்கவேண்டும். ஆணவத்தை அடக்கிக்கொண்டே ஆணவத்தை ஆடிக்காட்டுகிறவனைப் பற்றி எந்தச் சாத்திரமாவது பேசியிருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத இடதுசாரி நெறியாளர் ஒருவர் அதை மேடையில் வைத்துவிட்டார். அவருக்கு நான் சொல்வது பிடிக்குமோ என்னவோ.

சமயத்தையும் நாடகத்தையும் சேர்க்கிற இந்த ஒட்டு மட்டக்களப்புக்காரருக்குப் புதிதும் அல்ல. காரைதீவில் பிறந்து இராமகிருஷ்ண மடத்தில் துறவியான சுவாமி விபுலாநந்தர்தான் 1926-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். காவி கட்டியவர் நாடகத்தைத் தீண்டலாமா என்று அந்தக் காலத்திலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

மௌனகுரு படித்த வந்தாறுமூலைக் கல்லூரி இருந்த இடத்தில் 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1986-இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1990-இல் போர் மறுபடி மூண்டபோது சுற்றுவட்டாரத்துச் சனம் அந்த வளாகத்துக்குள் ஓடிவந்து தங்கியது. அந்த வருடம் செப்டெம்பர் 5-ஆம் திகதி இராணுவம் வந்து அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அந்த மண்ணில்தான் 1990-களில் மௌனகுரு நுண்கலைத்துறையில் படிப்பித்தார். மார்ச் 27-ஆம் திகதி உலக நாடக தினம் என்று ஒன்று இருப்பதே அவருடைய மாணவர்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்தது. 2000-க்குப் பிறகு 'இராவணேச'னை அவர் மாணவர்களைக் கொண்டு புதிதாக வார்த்தார். மண்டோதரியின் பாத்திரம் இப்போது வளர்ந்திருந்தது. அவளாக ஆடியது ஒரு பெண்பிள்ளை. போரை நிறுத்தச் சொல்லி மன்றாடிய அவளுக்கு முன்னால் இராவணன் மட்டும் நிற்கவில்லை. சபையில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் காலத்து இராவணர்களை அந்த உடுப்புக்குள் வைத்துப் பார்த்தார்கள். யார் யாரை வைத்தார்கள் என்று வெளியே வந்து யாரும் பேசவில்லை. அது பேசுகிற காலம் இல்லை.

சபையில் வெள்ளைச் சேலை உடுத்த பெண்கள் இருந்தார்கள். பிணத்தைக் காணாதபடியால் வெள்ளை உடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். மண்டோதரியின் ஒப்பாரி எழுந்தபோது அவர்கள் எழுப்பிய சத்தம் நாடகம் பார்க்கிறவர் அழுகிற சத்தம் அல்ல. மாமாவின் கேள்வி அப்போது எனக்குத் திரும்ப வந்தது. ஆருக்கு முன்னால ஆடுறாங்க? எங்கள் அம்மாள் யார்? கணவனைக் கொன்ற அரசனின் வாசலில் போய் நியாயம் கேட்ட பெண். அந்தக் கதையைத்தான் வழக்குரை என்று சடங்குக்குச் சடங்கு பாடுகிறோம், அவவின் கொதிப்பைத்தான் குளிர்த்தி பாடித் தணிக்கிறோம். அப்படிப்பட்டவ கோயில் வாசலுக்கு நேராகக் கட்டிய களரியை மட்டும்தான் பார்ப்பா, வந்தாறுமூலையில் காணாமல்போனவரின் பெண்சாதிமார் இருந்த அந்தச் சபையை எட்டிப் பார்க்கமாட்டா என்று சொல்ல சடங்கு நடத்துகிற எந்தக் கட்டாடியாருக்குத் துணிவு வரும்?

மௌனகுருவோடு எனக்குப் பிணக்கும் உண்டு. விடிய விடிய ஆடுகிறபோது நடுச்சாமத்துக்கு மேல் ஒரு தளர்ச்சி வரும். ஆடுகிறவனும் பார்க்கிறவனும் பாதித் தூக்கத்தில் இருக்கிற அந்த நேரத்தில்தான் கதை உள்ளே இறங்கும். இரண்டு மணித்தியாலக் கூத்தில் அந்த நேரத்துக்கு இடமில்லை. அதைச் செறிவு என்கிறார்கள், இருக்கலாம். இன்னொன்று, நேர்த்திக்கு ஆடுகிற ஊர்க்காரன் தன் பெண்பிள்ளைக்குச் சுகம் வரவேண்டும் என்று ஆடுகிறான். கலைக்காக ஆடுவது அதைவிட உயர்ந்தது என்கிற தொனி படித்தவர் பேச்சில் எப்போதாவது எட்டிப்பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். பிற்காலத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனை போன்ற இடங்களில் எதிர்த்திசையில் போனார்கள். கூத்தை ஊரைவிட்டு மேடைக்குக் கொண்டுபோகாமல், ஊருக்குள்ளேயே, ஊர்க்காரரோடு இருந்து, சாதியையும் பெண்ணையும் தாழ்த்துகிற பகுதிகளைப் பேசிப் பேசி மாற்றுகிற வேலை. மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் கட்டுரைச் சண்டை நிறைய நடந்தது. எனக்கு இரண்டும் வேண்டும். மேடையில் ஒரு பெண்பிள்ளை மண்டோதரியாக நிற்பதைக் கண்ணால் காணாமல், ஊரில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கவே முடிந்திராது.

என் தங்கச்சியின் மகள் விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். அவளும் ஒரு பயிற்சி மேடையில் மண்டோதரியாக ஆடினாள். முடிந்ததும் போய்க் கேட்டேன்: "அழேக்க என்ன புள்ள நினைச்சா?" கண்ணுக்குள் மை கரைந்து நின்றவள் சொன்னாள்: "மத்தளம் கொஞ்சம் ஓடிட்டு மாமா. அஞ்சாவது அடியில காலப் போடாட்டி விழுந்திருப்பன். அதத்தான் எண்ணிக்கிட்டு இருந்தன்."

அவள் இப்போது எங்கள் கோயிலடிக் களரியில் ஆடக் கேட்கிறாள். வேசம் என்னவென்றாலும் சரி, அண்ணாவியார் தருவதை ஆடுகிறேன் என்கிறாள். அண்ணாவியார் தயார். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மார் கூடிப் பேசி, பெண்பிள்ளைக்குத் துடக்கு நாள் வரும், களரிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் பிரெக்ட் இல்லை, மௌனகுரு இல்லை, கயிலை மலையும் இல்லை. களரிக்குக் கோயில் பக்கம் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அங்கே நின்று பார்க்கிறவ ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். சடங்குக் கணக்கு முடிந்தபிறகு பதில் தருவதாகத் தலைமை வண்ணக்கர் சொல்லியனுப்பினார். அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அவள் அதற்குள் தருமனின் வரவையும் பாடமாக்கிவிட்டாள்.